ஊற்றோடை மட்டும் தெளிந்திருந்தது

நோரீன் ஹெஷன் தபால் வண்டியைச் சிறுபாலத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டாள். நிறுத்த வேண்டும் என்று நினைத்து நிறுத்தியதல்ல. கால் தானாக பிரேக்கை மிதித்தது. ஐந்து நாளாக விடாமல் அடித்த மழை அன்று காலையில்தான் தூறலாகக் குறைந்திருந்தது. வழியெல்லாம் பள்ளங்களில் நின்ற தண்ணீர் பழுப்பு. வயலிலிருந்து தெருவுக்கு வழிந்த தண்ணீர் பழுப்பு. ஊருக்குள் ஓடும் ஆறோ பால் கூடிப்போன தேநீர் நிறத்தில், வேலிக்கம்புகளையும் யாரோ ஒரு பையனின் கால்பந்தையும் சுமந்துகொண்டு, பெரிய பாலத்தின் வளைவுகளை முட்டிக்கொண்டிருந்தது. ஆனால் ஜார்லத் கமின்ஸின் நிலத்துக்குள் ஓடும் இந்த ஓடை மட்டும், எந்த ஊரில் மழை பெய்தது என்று கேட்பதுபோலத் தெளிந்து கிடந்தது. அடியில் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிந்தது. பாசிக்கொடிகளுக்கு இடையில், வெண்மணல் திட்டொன்றின் மேல், ஒரு ட்ரௌட் மீன் எதிர்நீச்சல் போட்டபடி ஒரே இடத்தில் நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. கரையோர நிழலில் மூன்றாவது. அது மற்ற இரண்டையும்விடப் பெரியது.

இது வயலிலிருந்து வழிந்து வரும் தண்ணீர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அரை மைல் மேலே சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து பொங்கி வருவது. எத்தனை மழை அடித்தாலும் ஒரு சாண் ஏறுமே தவிரக் கலங்காது. தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் பதினோரு வருடமாக இந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அவள் நேராகச் சாலையை மட்டுமே பார்த்து ஓட்டுவது வழக்கம். இன்று ஏனோ தலை திரும்பிவிட்டது.

வாசல் கேட்டருகே, தூணில் ஜார்லத் அடித்து வைத்திருந்த தபால் பெட்டிக்குள், மாட்டுத் தடுப்பூசி அறிவிப்பையும் விதைப் பட்டியலையும் போட்டாள். பெட்டி என்றால் சாதாரணப் பெட்டியல்ல. மேலே ஓடு வேய்ந்த சின்னக் கூரை இருந்தது. கடிதம் போடுகிறவரின் கை நனையாதபடி அது முன்பக்கமாக நீண்டிருந்தது. அந்த வட்டாரத்தில் வேறு யாரும் தபால்காரியின் கையைப் பற்றி அவ்வளவு யோசித்ததில்லை. நோரீன் அந்தக் கூரையையும் பதினோரு வருடமாகப் பார்க்காததுபோலத்தான் இருந்தாள். பிஷப் என்று பெயர் வைக்கப்பட்ட கறுப்பு நாய் கேட்டுக்கு அடியில் மூக்கை நுழைத்தது. அதற்கு வழக்கமான பிஸ்கட்டைக் கொடுத்தாள். ஆளோடுதான் பேச்சில்லை. நாயோடு உண்டு.

மதியத்துக்கு முன்பே சுற்று முடிந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் தம்பி டெக்லன் சமையலறை ஜன்னலருகே, போன ஐந்து நாட்களும் நின்ற அதே இடத்தில் நின்றிருந்தான். மேசைமேல் அவன் டொரான்டோவிலிருந்து கொண்டுவந்த புதிய தூண்டில் கோல் உறையோடு கிடந்தது. அதன் விலைச்சீட்டைக்கூட அவன் இன்னும் பிய்க்கவில்லை. அங்கே அவன் லிப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்தான். பதினோரு வருடம் கழித்து ஆறு நாள் விடுப்பில் வந்திருந்தான். ஏப்ரல் முதல் வாரத்தை அவன் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை. குளிர் விட்டு, நண்பகலில் ஆற்றுப்பூச்சிகள் இறகு முளைத்து மேலெழும்பும் வாரம் அது. மீன்கள் குளிர்காலப் பட்டினியெல்லாம் தீர மேலே வந்து தின்னும் வாரம். மறுநாள் காலை ஷானன் விமானநிலையத்தில் அவனுக்கு விமானம்.

"அக்கா, பாலத்து அளவுகோல்ல ரெண்டு அங்குலம் இறங்கியிருக்கு," என்றான் திரும்பாமலே.

"ரெண்டு அடி இறங்கணும்டா."

"தெரியும். செவ்வாய்க்கிழமை தெளிஞ்சிடும்னு கடைக்காரர் சொல்றாரு. செவ்வாய்க்கிழமை நான் முப்பத்தோராவது மாடியில ஒரு லிப்ட்டுக்குள்ள இருப்பேன்." அவன் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. "உனக்குத் தெரியாதுக்கா. பதினோரு வருஷமா நான் அந்த லிப்ட்டுக்குள்ள நின்னுக்கிட்டே இந்த ஆத்துல மீன் புடிச்சுக்கிட்டிருந்தேன். எந்தக் கல்லு, எந்தத் திருப்பம், எல்லாம். கண்ணை மூடினா போதும். இப்ப வந்து கண்ணைத் திறந்தா, சேத்துத்தண்ணி."

நோரீன் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். சோடா ரொட்டியை எடுத்து அறுக்கத் தொடங்கினாள். ஒரு துண்டு, இரண்டு துண்டு, மூன்று. இரண்டு பேருக்குத் தேவையானதைவிட அதிகமாகவே அறுத்துவிட்டாள் என்பது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

"ஊற்றோடை தெளிஞ்சு கிடக்கு," என்றாள் ரொட்டியைப் பார்த்தபடி.

டெக்லன் திரும்பினான். "எது, கமின்ஸோட ஓடையா? அதை எப்படி மறந்தேன் நான்! அது கலங்கவே கலங்காதே!" அவன் தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். "மீன் இருக்கா?"

"மூணு பார்த்தேன். பாலத்துக்குக் கீழ மட்டும் மூணு. பெரிய ஆத்துல வெள்ளம் தாங்காம அங்க ஏறி வந்திருக்கும்போல."

"அப்புறம் என்ன, கிளம்பு! ஜார்லத்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா விடமாட்டாரா என்ன?"

"நீ போய்க் கேளு. நான் வரல."

"ஏன்?"

அவள் கத்தியைக் கழுவினாள். சுத்தமாக இருந்த கத்தியை மறுபடியும் கழுவினாள். கடைசியில் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். பதினோரு வருடத்துக்கு முன், டெக்லன் கனடாவுக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், ஊர் மீன்பிடிக் கழகத்தின் கோப்பைக்கான போட்டி நடந்தது. இறகும் நூலும் வைத்துக் கட்டிய பூச்சியால்தான் பிடிக்க வேண்டும், புழு கூடாது என்பது விதி. நோரீன் நாலு பவுண்டு மீன் ஒன்றைப் பிடித்தாள். காலையில் அதே மீன் ஒருமுறை தூண்டிலை அறுத்துக்கொண்டு போனதென்றும், ஒரு மணிநேரம் கழித்து அதே இடத்தில் வேறு பூச்சி போட்டு அதைப் பிடித்ததாகவும் சொன்னாள். இரண்டாவதாக வந்த மீன் ஜார்லத் கமின்ஸுடையது, மூன்று பவுண்டு. ஜார்லத்தான் அப்போது கழகத்துச் செயலாளர். அன்று மாலை, டெக்லன் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, ஹோட்டலில் நடந்த விருந்தில், ஐம்பது பேருக்கு நடுவில், அவர் எழுந்து நின்று, நோரீனின் பைக்குள் புழு டப்பா ஒன்றைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார். பை திறக்கப்பட்டது. டப்பா இருந்தது. நோரீன் ஒரு வார்த்தையும் பேசாமல் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். கழகத்துக்கும் மறுபடி போகவில்லை. தூண்டில் கோலையும் தொடவில்லை.

டெக்லன் ஜன்னலை விட்டு மேசையருகே வந்தான். அவன் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது.

"நீல டப்பாவா?" என்றான். "புகையிலை டப்பா?"

"ஆமா."

"மூடி நெளிஞ்சிருக்கும்."

"ஆமாடா."

"அக்கா, அது என்னோடது."

"தெரியும்."

"நான்தான் அன்னைக்கு உன் பையில போட்டேன். ராத்திரிக் குழம்புக்கு விலாங்கு புடிக்கலாம்னு கீழ்ப்பக்கம் போனேன் பாரு, அப்ப. என் ஜேப்பு ஓட்டை." அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் எழுந்துவிட்டான். "நீ ஏன் சொல்லல? என் பேரைச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே!"

"விடிஞ்சா உனக்கு விமானம். அம்மா வேற அழுதுக்கிட்டு இருந்தாங்க. இதையும் உன் பெட்டியில வச்சுக் கட்டி அனுப்பச் சொல்றியா?" அவள் துணியால் கையைத் துடைத்தாள். "அதெல்லாம் கூட இல்ல. நாப்பது வருஷமா என்னைத் தெரிஞ்சவங்க. ஒரு தகர டப்பா சாட்சி சொன்னதும் அதை நம்பிட்டாங்க. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'நோரீன், என்ன இது?'ன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கல. நான் ஏன் சொல்லணும்?"

டெக்லன் தூண்டில் கோலின் உறையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "கிளம்பு."

"நான் வரலன்னு சொன்னேன்."

"மீனுக்காக இல்ல. வண்டிய எடு. இல்லேன்னா நான் நடந்தே போவேன். நாலு மைல், இந்தச் செருப்போட. ஊரே பார்க்கும், ஹெஷன் வீட்டுப் பையன் கனடாவுல கிறுக்காயி வந்துட்டான்னு சொல்லும்."

அவள் அவன் காலைப் பார்த்தாள். வீட்டுக்குள் போடும் கம்பளிச் செருப்பு. தம்பி சொன்னதைச் செய்வான் என்பது அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலேயே அப்படித்தான். சிரிக்கக் கூடாது என்று நினைத்தும் வாயோரம் சிரிப்பு வந்துவிட்டது. "பூட்ஸைப் போடுடா மொதல்ல," என்றாள்.

வண்டியை ஜார்லத்தின் முற்றத்துக்குள் ஓட்டினாள். இஞ்சினை நிறுத்தினாள். ஆனால் இறங்கவில்லை. டெக்லன் இறங்கிக் கதவைத் தட்டினான். துடைப்பான் நின்றுபோன கண்ணாடியின் நீர்த்துளிகளுக்கு ஊடே, சத்தமில்லாத படத்தைப் பார்ப்பதுபோல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. ஜார்லத் வந்து நின்றார். அறுபத்திரண்டு வயது. நெடிய உருவம். கையில் பாதி தோல் உரித்த உருளைக்கிழங்கு. டெக்லன் பேசினான், கையை ஆட்டினான், உள்ளங்கையில் ஒரு டப்பாவின் அளவைக் காட்டினான், தன் நெஞ்சில் தானே குத்திக்கொண்டான். ஜார்லத் அசையாமல் கேட்டார். பிறகு திரும்பி உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான், கதவைச் சாத்திவிட்டார் என்று நினைத்து நோரீன் சாவியைத் திருகப் போனாள். அதற்குள் அவர் மறுபடி வெளியே வந்தார். தொப்பிகூடப் போடாமல் தூறலில் நடந்து வந்து அவள் பக்கத்து ஜன்னலருகே நின்றார். கையில் உருளைக்கிழங்குக்குப் பதில் ஒரு கவர்.

அந்தக் கவரைப் பார்த்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தபால்காரிக்கு வீட்டுக்கு வீடு ஏதாவது வைப்பார்கள். ஜார்லத்தும் பெட்டிக்குள் ஒரு கவர் வைப்பார், 'நோரீன் ஹெஷனுக்கு' என்று எழுதி. அவளோ அதைப் பிரிக்காமலே, 'பெறுநர் வாங்க மறுத்தார்' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தேதி போட்டு, மறுநாள் அதே பெட்டிக்குள் திருப்பிப் போட்டுவிடுவாள். அதைத் தபால் இலாகாவின் முறைப்படியே செய்துவந்தாள். பழைய கையெழுத்துக்குக் கீழே மறுபடி எழுதும்போதும் அதைப் பார்க்காததுபோலத்தான் இருந்தாள். இப்போதுதான் நேராகப் பார்த்தாள். எல்லா வருடமும் அதே கவர்தான். மங்கிப்போன அதன் முகப்பு முழுக்க அவளுடைய கையெழுத்தே, தேதிக்குக் கீழ் தேதியாக, இடம் போதாமல் பின்பக்கமும் போயிருந்தது.

அவள் கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கினாள்.

"இன்னைக்குத் தபால் முடிஞ்சுது," என்றாள்.

"இது தபால் இல்ல. என் கையால நானே கொண்டாந்தது." அவர் கவரை அந்த இடுக்கு வழியே நீட்டினார். "இதுக்கு மறுப்பு எழுத இடமும் இல்ல, நோரீன். பார்த்துக்க."

பதினோரு வருடத்தில் அவர் வாயிலிருந்து அவள் பெயரைக் கேட்பது இதுதான் முதல் தடவை. அவள் வாங்கினாள். பிரித்தாள். பணம் இல்லை. நாலாக மடித்த தாளும், அதற்குள் நகத்தளவு ஒரு தூண்டில் பூச்சியும். அதன் முள் துருப்பிடித்திருந்தது. ஆனால் உடலில் சுற்றிய சிவப்பு நூல் இன்னும் நிறம் போகாமல் இருந்தது. தன்னுடைய பழைய ஸ்வெட்டரின் கைப்பகுதியைப் பிரித்து அவள்தான் அந்த நூலை எடுத்தாள். வேறு யாரிடமும் அது கிடையாது. தாளில் இரண்டே வரி இருந்தது. ஹோட்டல் சமையல்காரர் மீனைச் சுத்தம் செய்தபோது தொண்டையில் இது இருந்தது. நீ சொன்னது உண்மை, நான் சொன்னது தவறு.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"பத்து நாள் கழிச்சு. சமையல்காரர் எடுத்து வச்சிருந்ததை அப்பத்தான் காட்டினாரு."

"பத்து நாள்!" அவள் கண்ணாடியை முழுவதுமாக இறக்கினாள். "பத்து நாள்ல தெரிஞ்சதைச் சொல்ல பதினோரு வருஷமா? ஐம்பது பேர் முன்னால எந்திரிச்சு நின்னு பேசினீங்களே, அப்ப இருந்த வாய் எங்க போச்சு? மன்னிப்பை எழுதிப் பெட்டிக்குள்ள போட்டுட்டா ஆச்சா? அதையும் நானே சுமந்துக்கிட்டுத் திரியணுமா?"

"வாய் இருந்ததாலதானே இவ்வளவு வினையும்," என்றார் ஜார்லத். மழைநீர் அவர் புருவத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "தினமும் பத்தரை மணிக்கு ஜன்னல்கிட்ட நிப்பேன். இன்னைக்குப் போய்ப் பேசிடணும்னு. நீ பிஷப்புக்கு பிஸ்கட் குடுப்ப. நான் ஷூ லேஸ் கட்டிக்கிட்டிருப்பேன். கட்டி முடிக்கறதுக்குள்ள வண்டி போயிடும்."

"பதினோரு வருஷமா லேஸ் கட்டினீங்களா?"

"முடிச்சு சரியா விழல."

பின்னால் நின்ற டெக்லனுக்குச் சிரிப்பு பீறிட்டது. அதை இருமலாக மாற்றப் பார்த்தான், முடியவில்லை. நோரீன் அவனை முறைத்தாள். முறைக்கும்போதே தனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வருவதை உணர்ந்தாள். கோபம் இருந்தது. இருக்கத்தான் செய்தது. ஆனால் இத்தனை வருடம் நெஞ்சுக்குள் கல்லாக இருந்தது, இப்போது கையில் எடுத்து எறியக்கூடிய அளவில் இருந்தது.

"கழகக் கூட்டம் எப்ப?" என்றாள்.

"அடுத்த வியாழன்."

"அங்க சொல்லணும். எந்திரிச்சு நின்னு. அதே மாதிரி சத்தமா."

"சொல்றேன்."

"லேஸ் இல்லாத பூட்ஸைப் போட்டுக்கிட்டு வாங்க."

"சரி."

"கோப்பை?"

ஜார்லத் முதல்முறையாகக் கண்ணைத் தாழ்த்தினார். "கோழிக்கூட்ல இருக்கு. வீட்டுக்குள்ள வைக்க மனசு வரல. கோழிங்க அதுலதான் தண்ணி குடிக்குது."

இதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அதில் பாதி சிரிப்பின் நீர் இல்லை என்பதை அவள் மட்டுமே அறிவாள். வெளியே நின்ற இரண்டு ஆண்களும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிஷப் முன்னங்கால்களைத் தூக்கி வண்டிக் கதவில் வைத்துக்கொண்டு பிஸ்கட் தேடியது.

"பூச்சி எழும்புற நேரம் ஆயிடுச்சு," என்றார் ஜார்லத் வானத்தைப் பார்த்து. "இங்கயே நின்னு பேசிக்கிட்டிருந்தா மீனெல்லாம் சாப்பிட்டு முடிச்சுக் கையைக் கழுவிடும்."

ஓடைக்கரையில் ஆல்டர் மரங்கள் அப்போதுதான் இலைவிடத் தொடங்கியிருந்தன. புல் ஈரத்தில் ஒவ்வொரு அடிக்கும் சப்பு சப்பென்றது. இருநூறு அடிக்கு அப்பால் பெரிய ஆறு உறுமுவது இங்கேயும் கேட்டது. ஓடை அதில் கலக்கும் இடத்தில் தெளிந்த நீரும் கலங்கிய நீரும் ஒன்றையொன்று தொடாமல், கோடு போட்டதுபோலப் பக்கம் பக்கமாக ஓடின. ஜார்லத் சொன்னது சரிதான். மணி ஒன்றை நெருங்கும்போது பூச்சிகள் எழும்பத் தொடங்கின. நீர்மட்டத்தில், சாம்பல் இறகுகளை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, பொம்மைப் பாய்மரப் படகுகள்போல ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. சட்டென்று ஒன்று காணாமல் போனது. அது இருந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் விரிந்தது. பிறகு இன்னொரு வட்டம். அடுத்த ஐந்து நிமிடத்தில், பாலத்திலிருந்து வளைவு வரைக்கும், ஓடை முழுக்க வட்டங்கள்.

"அஞ்சு நாள் மழையைத் திட்டித் தீர்த்தேனே," என்று முணுமுணுத்தான் டெக்லன். "ஆத்து மீனையெல்லாம் ஓட்டிக்கிட்டு வந்து இங்கல்ல அடைச்சு வச்சிருக்கு!"

"முட்டி போடு," என்றார் ஜார்லத். "தண்ணி தெளிவு. நீ அதைப் பார்க்கிற மாதிரி அதுவும் உன்னைப் பார்க்கும்."

டெக்லன் முட்டி போட்டான். விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கோலைப் பின்னுக்கு வீசினான், பூச்சி ஆல்டர் கிளையில் மாட்டியது. எடுத்து மறுபடி வீசினான், பிஷப்பின் முதுகில் மாட்டியது. நாய்க்கு ஒன்றுமில்லை, ரோமத்தில்தான். மூன்றாவது வீச்சில் பூச்சி எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது. அவன் அதைப் பார்த்து அசந்துபோய் நின்றதில், மீன் கடித்ததைக் கவனிக்கவேயில்லை.

"இழுடா!" என்று நோரீனும் ஜார்லத்தும் ஒரே குரலில் கத்தினார்கள்.

இழுத்தான். அரை பவுண்டு இருக்கும். கையளவு மீன், பொன்பழுப்பு உடம்பில் செம்புள்ளிகள். அதைக் கரைக்குக் கொண்டுவருவதற்குள் டெக்லன் போட்ட கூச்சலுக்கு, எதிர்க்கரை வயலில் மேய்ந்த மாடுகள் தலை தூக்கின. நாற்பத்தொன்பது வயது ஆள். இடுப்பளவுத் தண்ணீரில் தவறி உட்கார்ந்து எழுந்தான், அதுகூடத் தெரியாமல் மீனை நீருக்குள்ளேயே ஏந்தி, முள்ளைக் கழற்றி, அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பியபோது அவன் முகத்தைப் பார்த்த நோரீனுக்கு அவனுடைய எட்டு வயது முகம் கண்முன் வந்தது.

"போதும்," என்றான் மூச்சு வாங்கியபடி. பற்கள் குளிரில் கிடுகிடுத்தன. "எனக்கு இது போதும். இப்ப நீ."

"நான் விட்டு எத்தனையோ வருஷமாச்சு."

"அதான் தெரியுமே. நீ யாரால விட்டேன்னும் தெரியும். பிடி." கோலை அவள் கையில் திணித்தான்.

ஜார்லத் தன் கோட்டு மடிப்பில் குத்தியிருந்த பூச்சிகளில் ஒன்றைக் கழற்றி நீட்டினார். கவரில் இருந்த அந்தச் சிவப்பு நூல் பூச்சியைத்தான் அவள் கட்டப் போனாள். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். "அது துருப்பிடிச்சது. முள்ளு ஒடிஞ்சிடும். இன்னைக்குப் புதுசு போடு." அவள் அவரைப் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

தபால்காரியின் கால்சட்டையோடும், வண்டியில் எப்போதும் கிடக்கும் முழங்கால் பூட்ஸோடும் அவள் ஓடைக்குள் இறங்கினாள். நீரின் குளிர் ரப்பரைத் தாண்டி எலும்பைத் தொட்டது. பாலத்துக்குக் கீழே, காலையில் பார்த்த அதே நிழலில், பெரியது நின்றிருந்தது. அவசரமில்லாமல் மேலே வந்து, ஒரு பூச்சியை உறிஞ்சி, பழைய இடத்துக்கே இறங்கியது. அவள் தூண்டில் கயிற்றைக் கையில் இழுத்து விட்டுப் பார்த்தாள். முதல் வீச்சு கோணலாகப் போனது. இரண்டாவது குட்டையாக விழுந்தது. கரையில் இருவரும் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தார்கள். மூன்றாவது வீச்சை அவள் வீசினாள் என்றே சொல்ல முடியாது. தோள் வீசியது, முழங்கை அதைத் தடுக்காமல் விட்டது. பூச்சி ஓசையின்றி இறங்கி, நிழலின் விளிம்பில் மிதந்து, இறகை நிமிர்த்திக்கொண்டு போனது. அந்த நிழல் மெல்ல எழுந்தது. வாய் திறந்தது. மூடியது.

அதற்குப் பிறகு நடந்ததை மூவரும் பின்னால் மூன்று விதமாகச் சொன்னார்கள். மீன் பாலத்துக்கு அடியில் இருமுறை ஓடியது என்றாள் நோரீன். நாலுமுறை என்றான் டெக்லன். தன் இதயம் நின்றுவிட்டதால் தான் எண்ணவில்லை என்றார் ஜார்லத். கோல் வில்லாக வளைந்தது. கயிறு விரலைச் சூடாக உரசிக்கொண்டு ஓடியது. அவள் விட்டுக் கொடுத்தாள், இழுத்தாள், மறுபடி விட்டுக் கொடுத்தாள். பூட்ஸுக்கு மேலாகத் தண்ணீர் உள்ளே புகுந்ததை அவள் பொருட்படுத்தவில்லை. அவளையறியாமல் ஏதோ பேசிக்கொண்டேயிருந்தாள் மீனோடு, "வா ராசா, வா, ஒண்ணும் பண்ணமாட்டேன், வாடா," என்று. கடைசியில் அது பக்கவாட்டில் சாய்ந்து, அவள் உள்ளங்கைக்குள் வந்து கிடந்தது. இரண்டு பவுண்டுக்குக் குறையாது. நீரில் நனைத்த கையால் தாங்கி, முள்ளை ஒரு திருப்பில் கழற்றினாள்.

"எடை போடலாமா?" என்று ஜார்லத் கரையிலிருந்து கேட்டார்.

"எதுக்கு? நீங்க நம்பறதுக்கா?"

ஜார்லத் பெரிதாகச் சிரித்தார். நடுத்தலையில் இடி விழுந்தாலும் சிரிக்காத மனிதர் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய் என்று தெரிந்தது. அவர் தான் கொண்டுவந்திருந்த கூடையைத் திறந்து, பன்றிக்கறி வைத்த ரொட்டிகளையும் பிளாஸ்கையும் வெளியே எடுத்தார். டெக்லன் ஈரச் சட்டையைக் கழற்றிப் பிழிந்துவிட்டு, அவருடைய கோட்டைப் போர்த்திக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நோரீன் மீனைத் தலை எதிர்நீரில் இருக்கும்படி பிடித்துக்கொண்டிருந்தாள். செவுள்கள் முதலில் தயங்கின. பிறகு சீராகத் திறந்து மூடின. உடம்பு கைக்குள் இறுகியது. அவள் விரல்களை விரித்தாள். மீன் நழுவியது. ஆனால் ஓடிவிடவில்லை. களைத்திருந்ததோ என்னவோ, ஒரு முழம் தூரம் போய் வட்டமடித்து, அவள் இடது பூட்ஸுக்குப் பின்னால், நீரோட்டம் உடைந்து அமைதியாக இருந்த இடத்தில் வந்து நின்றுகொண்டது. அதன் வால் அவ்வப்போது ரப்பரை உரசியது.

"போயிடுச்சா?" என்று கேட்டான் டெக்லன், வாயில் ரொட்டியோடு.

"இல்ல. என் காலுக்குப் பின்னால நிக்குது."

"அப்ப வா மேல. டீ ஆறிடும்."

"எப்படி வர்றது? நான் நகர்ந்தா நீரோட்டம் இதை அடிச்சுக்கிட்டுப் போயிடுமே."

டெக்லன் பிளாஸ்கை ஜார்லத்தின் பக்கம் நகர்த்தினான். ஜார்லத் ஒரு கோப்பையில் தேநீரை ஊற்றினார், கரை விளிம்புவரை வந்து முட்டி போட்டு, கையை எட்டும் மட்டும் நீட்டினார். காலை அசைக்காமல், இடுப்பை மட்டும் திருப்பி அவள் அதை வாங்கிக்கொண்டாள். தூறல் மறுபடி தொடங்கியது. ஓடை முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள் விழுந்தன. அவற்றில் எது மழை, எது மீன் என்று சொல்ல முடியாமல் போனது. இரு கைகளாலும் கோப்பையைப் பிடித்தபடி, முழங்கால் நீரில் ஆடாமல் நின்று அவள் குடிக்கத் தொடங்கினாள், அவளுடைய காலின் நிழலுக்குள் செவுள்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன.